அம்மாவின் டோக்கன்

மனித மூலதனம் என்ற பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். ஒரு நாடு வளர ஆலையும் சாலையும் மட்டும் போதாது, மக்களுடைய உடம்பும் படிப்பும் நன்றாக இருக்க வேண்டும், அவற்றுக்குச் செய்கிற செலவை முதலீடு என்றுதான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பாடம் ஆரம்பிக்கும். வேலூர் சத்துவாச்சாரி பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் பொருளியல் ஆசிரியை. மற்ற பாடங்களைச் சிரித்துப் பேசி நடத்துகிற நான், இந்தப் பாடத்துக்கு வந்தால் மட்டும் சிடுசிடுவென்று ஆகிவிடுவதாகப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். அவர்கள் சொல்வது சரிதான். பாடத்தில் தப்பு ஒன்றும் இல்லை. வரிக்கு வரி உண்மை. அதனால்தான் எரிச்சல் வருகிறது.

என் படிப்புக்கு முதலீடு போட்டது அம்மா. ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட்டில் அவளுக்குச் சொல்யூஷன் டேபிளில் வேலை. வெட்டி வருகிற தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் பசை தடவி, மடித்து ஒட்டி, தையல் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பசைக்குத்தான் சொல்யூஷன் என்று பெயர். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போய், தங்கை கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வெந்த சோறும், நான் வாங்கிய எம்.ஏ. பட்டமும் அந்தப் பிரஷ்ஷில் இருந்து வந்தவை. முதலீட்டுக்கு என்ன வருமானம் வந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஓவர்டைம் இருக்கிற மாதங்களில் அம்மா வாங்குவதைவிட என் சம்பளம் கம்மி. கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. தெருவில் மட்டும் "டீச்சர் வீடு" என்று மரியாதை ஜாஸ்தி.

தங்கை பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்த கோடை அது. ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி அம்மா நடந்து வந்தாள். வாசலில் நின்றிருந்த தங்கைதான் முதலில் பார்த்தாள். அம்மாவின் ஒரு காலில் செருப்பு இல்லை.

"எம்மா, இன்னொரு செருப்பு எங்க?"

அம்மா குனிந்து காலைப் பார்த்தாள். "அய்ய, கால்லதான இருந்திச்சி!"

தங்கை ஓடிப்போய், டீக்கடை முன்னால் கிடந்ததை எடுத்து வந்தாள். அவ்வளவு தூரம் வெறுங்காலோடு, சுடுகிற தார் ரோட்டில் நடந்து வந்தது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. "ஊருக்கெல்லாம் ஷூ ஒட்டறேன், என் கால்ல செருப்பு நிக்க மாட்டேங்குது பாரு" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அடுத்த வாரம் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி பாதத்தில் கொட்டியது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோல் கொப்பளித்த பிறகுதான் பார்த்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் கால் மரத்துப்போனால் அது சர்க்கரை வியாதி, அதற்கு மேல் பேச்சு கிடையாது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்தது. அதை யார் நம்பினார்கள்? "உள்ளுக்குள்ள ஒளிஞ்சினு இருக்கும், அப்புறம்தான் வெளிய காட்டும்" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். அம்மாவும் அதைத்தான் நம்பினாள். சோற்றைக் குறைத்தாள், டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், காலையில் பாகற்காய் சாறு குடித்து முகத்தைச் சுளித்தாள். அவளுடைய டேபிளில் உட்காருகிற பெண்களில் பலருக்கும் காலில் மதமதப்பு இருந்தது. அவர்கள் எல்லோருமே சர்க்கரை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே டேபிளில் இத்தனை பேருக்கு எப்படிச் சர்க்கரை வரும் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. வகுப்பில் பக்கம் பக்கமாகப் பேசுகிற எனக்கும் அது தோன்றவில்லை. தங்கைதான் கேட்டாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டுக்கு எந்த மாத்திரை வந்தாலும் அட்டையைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். "அந்த டேபிள்லயே ஏதோ இருக்குதும்மா" என்றாள். "நீ மொதல்ல படிச்சி முடி, அப்புறம் ஊசி போடு" என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

நடக்கச் சுவரைப் பிடிக்க வேண்டிய நிலை வந்ததும் அம்மா லீவு போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். அடுத்த தெருக்காரர். அப்பா செத்தபோது ஓடி வந்து நின்ற மனிதர்.

"அக்கா, இன்னும் ஜாஸ்தி நாள் போனா உன் இடத்துல ஆள் போட்டுடுவாங்க" என்றார். "உன் டோக்கன்லயே சின்னப் பொண்ணு வந்துகினு இருக்கட்டும். கால் சரியானதும் நீ வந்து உக்காரு. நான் பாத்துக்கறேன்."

எங்கள் பக்கத்தில் இருக்கிற சின்ன யூனிட்டுகளில் இது புதிதில்லை. பிரசவம், ஆபரேஷன், காமாலை என்று யாராவது படுத்தால் தங்கையோ மகளோ அவளுடைய அடையாள அட்டையான டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் அந்த ஸ்டூலில் உட்காருவாள். வாசலில் கைரேகை மெஷின் இருக்கிறது. ஆனால் சொல்யூஷனில் ஊறி ஊறி டேபிள் பெண்களின் விரல் ரேகை தேய்ந்து போய்விடுவதால் அது பாதிப் பேரை அடையாளம் காட்டாது. டோக்கனைப் பார்த்துத்தான் வருகை போடுவார்கள். டோக்கனில் ஒட்டிய படம் மங்கிப் போயிருக்கும். அம்மாவுக்கும் தங்கைக்கும் முகம் ஒரே அச்சு வேறு. வேலையும் நிற்காது, இடமும் போகாது, வீட்டில் அடுப்பும் எரியும். இதை எல்லோரும் ஓர் உதவியாகத்தான் பார்த்தார்கள். உதவிதான் அது. அந்த மனிதரைத் திட்ட இன்றைக்கும் எனக்கு வாய் வராது.

அன்றைக்கு நான் அம்மாவைத்தான் திட்டினேன். "படிக்கப் போற பொண்ண அங்க அனுப்புவியா? உனக்குப் புத்தி இருக்குதா?" என்று கத்தினேன்.

"இடம் போச்சின்னா சர்வீஸ் போய்டும். இத்தினி வருஷத்து கிராஜுவிட்டி போய்டும்" என்றாள் அம்மா. "லீவு மாசம் உனக்குச் சம்பளம் இல்ல. நீ சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

தங்கைதான் சண்டையை முடித்துவைத்தாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல சும்மாதான இருக்கப் போறேன். போய்ட்டு வர்றேன் உடுக்கா" என்றாள். மறுநாள் காலை அம்மாவின் டோக்கனை மாட்டிக்கொண்டு, அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள்.

ரிசல்ட் வந்தது. நல்ல மதிப்பெண். நர்ஸிங்கில் இடம் கிடைக்கிற மதிப்பெண்தான் என்று அவளுடைய பள்ளி ஆசிரியை வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் அம்மாவால் தரையில் உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. ஒருத்தி அக்குளில் கை கொடுக்க வேண்டும். தங்கை காலேஜுக்குப் போனால் டோக்கன் நிற்கும். டோக்கன் நின்றால் அம்மாவின் சர்வீஸ் அறுந்துபோகும். கலந்தாய்வுக்குப் போக வேண்டிய நாளில் தங்கை வழக்கம்போல பஸ் ஏறிப் போய்விட்டாள். "அடுத்த வருஷம் பாத்துக்கலாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வகுப்பில் போய் ஒரு பெண்ணைச் செல்போன் வைத்திருந்ததற்காக அழ வைத்தேன்.

ஆயுத பூஜை அன்று யூனிட்டில் கடைசி மூன்று மாத முழு வருகைக்குப் பரிசு கொடுப்பார்கள். அந்த வருடம் மைக்கில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். தங்கை எழுந்து போய் ஹாட்பாக்ஸை வாங்கிக்கொண்டாள். விஷயம் தெரிந்த டேபிள் பெண்கள் எல்லோரும் பலமாகக் கை தட்டினார்களாம். அந்த ஹாட்பாக்ஸை அவள் பொரியும் சுண்டலுமாக வீட்டுக்கு எடுத்து வந்தபோது அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சுவரைப் பிடித்து நடந்து போய் அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். "ஒரு நாள்கூட லீவு போடலன்னு எனக்குக் குடுத்தது" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னாள். எனக்கு அதைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போல இருந்தது.

கடைசியில் வேலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். வேலூருக்கு வைத்தியம் பார்க்க உலகமே ரயில் ஏறி வருகிறது. லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கிறது, அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளே ஒரு தெரு முழுக்க இருக்கின்றன. அவ்வளவு தூரத்தில் இருந்து அவர்கள் வந்துவிடுகிறார்கள். பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிற எங்களுக்கு, தினமும் அங்கே வந்து பாடம் நடத்துகிற எனக்கும்கூட, பாகற்காய் சாறெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் வழி தெரிந்தது. அந்த டாக்டர் சாயங்காலங்களில் காட்பாடி ரோட்டில், ஒரு மாடியில் தனியாக கிளினிக் வைத்திருந்தார். அம்மாவின் முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கணுக்காலில் ஏதோ கம்பியை அதிர வைத்து "தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. குதிகாலில் நிற்கச் சொன்னார். முடியவில்லை. பிறகு என்ன வேலை என்று விசாரித்தார்.

"சர்க்கரை எல்லாம் இல்லைம்மா. அந்தப் பசையோட ஆவி நரம்பைக் கெடுத்திருக்கு. அந்தப் பக்கமே போகாம இருந்தா மெல்ல சரியாகும். முழுசா ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

அம்மா அழுதாள். சர்க்கரை இல்லை என்ற சந்தோஷத்தில் அழுதாள்! கீழே இறங்கியதும் முதல் வேலையாகச் சர்க்கரை போட்ட டீ ஒன்று கேட்டாள். அதை ஊதி ஊதிக் குடித்தாள்.

வேலையால் வந்த நோய்க்குத் தொழிலாளர் காப்பீட்டில் சம்பளத்தோடு ஓய்வு கேட்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் தங்கை அந்த ஸ்டூலை விட்டு எழுந்துவிடலாம். நானும் அம்மாவும் டாக்டர் சீட்டோடு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரி. அம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"ஜூன்ல இருந்து இவங்க ஒரு நாளும் லீவே போடலியேம்மா. நேத்துகூட ஓவர்டைம் பாத்துருக்காங்களே. வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கறவங்களுக்கு எப்படிங்க ஓய்வுச் சம்பளம் தர முடியும்?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முந்தின நாள் யூனிட்டில் ஓவர்டைமும் பார்த்திருந்தாள். எழுந்து வரும்போது மேஜையைப் பிடித்து, பிறகு கதவைப் பிடித்து, பிறகு என்னைப் பிடித்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம். இந்த நாட்டின் கணக்கில் என் அம்மா நல்ல உடல்நலத்தோடு முழு நேரமும் உழைக்கிற ஒரு தொழிலாளி. என் தங்கை படிக்கிறவர்கள் கணக்கிலும் இல்லை, உழைக்கிறவர்கள் கணக்கிலும் இல்லை. ஏற்றுமதி ஏறியிருக்கிறது, பெண்களின் வேலைவாய்ப்பு கூடியிருக்கிறது என்று நான் கரும்பலகையில் மேல்நோக்கி ஒரு கோடு போடுவேனே, அந்தக் கோட்டுக்குள் எங்கள் வீடும் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. திரும்பப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா இன்னா ஆவும்? அந்த சூப்பர்வைசர் தம்பிக்கு வேலை போவும். என் கிராஜுவிட்டி போவும். ஆள் மாறாட்டம்னு சின்னதக் கூப்ட்டு விசாரிப்பாங்க. அதுக்கப்புறம் அவளுக்கு எந்தக் காலேஜ்ல இடம் குடுப்பான்? உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் சொன்னதிலும் தப்பு இல்லை. எங்கள் வீட்டு விஷயத்தில் யார் சொன்னதிலும் தப்பே இல்லை, அதுதான் பேஜாராக இருந்தது.

ஒரு முடிவுக்கு வந்தோம். அடுத்த சேர்க்கையில் தங்கை கட்டாயம் நர்ஸிங்கில் சேர வேண்டும். அவளுக்கு இடம் கிடைத்தவுடன் அம்மா வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்து, கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு கணக்கு முடித்துக்கொள்வாள். அதுவரை வீட்டுக்கு அந்தச் சம்பளம் வேண்டும். நான் சாயங்காலம் டியூஷன் எடுத்தேன். அம்மா சோளிங்கர் நரசிம்மருக்கு வேண்டிக்கொண்டாள். கால் சரியானால் மலை ஏறி வருகிறேன் என்று வேண்டியிருப்பாள் என்று நினைத்தேன். சின்னவளுக்கு இடம் கிடைத்தால் அவளைப் படியேறி வரச் சொல்கிறேன் என்று வேண்டியிருந்தாளாம். தங்கையின் முகத்தில் பழைய களை வந்தது. வேலை விட்டு வந்த களைப்போடு பயாலஜி புத்தகத்தைத் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டு படித்தாள்.

விண்ணப்பத்தோடு உடல்தகுதிச் சான்று கேட்டிருந்தார்கள். அம்மாவை மறுபடி அந்த டாக்டரிடம் காட்ட வேண்டிய நாளும் வந்தது. அவரிடமே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று தங்கை அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு நேராக யூனிட்டில் இருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்து முடித்ததும் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் தங்கையும் உள்ளே போனோம்.

"நர்ஸிங்கா? பேஷ்" என்றார் டாக்டர். பேனாவை எடுத்தவர், அவள் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் குதிகால்ல நடந்து காட்டும்மா."

தங்கை சிரித்துக்கொண்டே எழுந்தாள். முன்பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். அது எழும்பவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றாள். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் அம்மாவுக்குச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கும் செய்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"இப்ப இதுல கையெழுத்துப் போட முடியாதும்மா. ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம். ஆனா காரணம் தெரியணும். எங்க வேலை செய்யற?"

"வேலைக்கெல்லாம் போகல சார்" என்றாள் தங்கை. "வீட்ல சும்மாதான் இருக்கேன்."

"பொய் சொல்றா சார்" என்றேன். என் குரல் எனக்கே நாராசமாகக் கேட்டது. "எங்கம்மாவோட டேபிள்ல, எங்கம்மாவோட ஸ்டூல்ல, போன வருஷத்துல இருந்து உக்காந்துருக்கா. எங்கம்மா பேர்ல."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா இது வேலையால வந்ததுன்னு நான் எழுதியாகணும். எழுதினா விசாரணை வரும். உண்மையைச் சொல்லும்மா, எழுதவா?"

தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதாதீங்க சார். அக்கா கோவத்துல பேசுது. நான் வீட்லதான் இருக்கேன்."

அவளுடைய சுடிதாரில் இருந்து சொல்யூஷன் நாற்றம் அந்தச் சின்ன அறை முழுக்க அடித்தது. அவருக்கும் அது தெரியாமல் இல்லை. வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து, "எங்க போறியோ அங்க போகாத. சீக்கிரம் மறுபடி வா" என்றார். தங்கை சான்றுப் படிவத்தை வெறுமையாகவே எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் இருப்பதைக்கூடப் பார்க்காமல், கதவுக்கு உள்பக்கமே அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். நாளைக்கே எல்லாவற்றையும் விட்டுத் தொலைக்கலாம் என்றேன். கிராஜுவிட்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றேன்.

"கத்தாதக்கா, அம்மாவுக்குக் கேக்கும்" என்றாள் அவள். "அம்மா கணக்கு முடியற வரைக்கும்தான். வேற டேபிள் குடுங்கன்னு கேக்கறேன். இந்த வருஷம் சீட்டு கிடைக்கலன்னு சொல்லிக்கலாம், அது நம்பும்."

அம்மாவின் டோக்கனுக்கு வேறு டேபிள் கிடையாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அம்மா பெஞ்சில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள். "போட்டாரா?"

"போட்டாரும்மா. எல்லாம் நல்லா இருக்குதாம்."

நான் வாயைத் திறந்தேன். தங்கை என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அம்மா ஆண்டவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "என் கால் போனா போவுது, உன் கால் நல்லா இருக்குதே. அது போதும்டி எனக்கு" என்றாள். பிறகு தங்கையின் தோளில் கை போட்டு, தன் பாரத்தையெல்லாம் அவள் மேல் சாய்த்துக்கொண்டு மாடிப்படி இறங்க ஆரம்பித்தாள்.